டீக்கன் என்றால் அரை ஐயரா?

வாசகர் கேள்வி: 24 நவம்பர் 2024, இரவு 8.10

திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்கு ஜூன் மாதம் ஒரு டீக்கன் வந்தார். சின்ன வயது, நல்ல பிள்ளை. பிரசங்கம் செய்கிறார், அப்பமும் ரசமும் பரிமாறும் திருவிருந்தில் கிண்ணம் எடுத்துக் கொடுக்கிறார். ஆனால் திருவிருந்து நடத்த மாதம் ஒருமுறை வேறு ஊரிலிருந்து போதகர், அதாவது ஐயர், வரவேண்டியிருக்கிறது. "முழுசா ஒரு ஐயரை அனுப்பக் கூடாதா, அரை ஐயரை அனுப்பியிருக்காங்களே" என்கிறார் என் அம்மா. கமிட்டியிலும் இதே பேச்சுதான். டீக்கன் என்பவர் யார்? ஐயராவதற்கு முன் ஒரு வருஷம் காத்திருக்கும் பையன்தானா?

24 நவம்பர், இரவு 10.50

தம்பி, அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் அரை ஐயர் இல்லை, முழு டீக்கன். சி.எஸ்.ஐ.யில் பட்டம் மூன்று: பேராயர், ஆயர் (நாம் ஐயர் என்பவர்), டீக்கன். 1947 செப்டம்பர் 27-இல் சபைகள் ஒன்றாகச் சேர்ந்தபோதே இந்த மூன்றும் உண்டு. டீக்கன் வேதம் வாசிக்கலாம், பிரசங்கிக்கலாம், திருவிருந்தில் பரிமாற உதவலாம், நோயாளி வீட்டுக்குப் போகலாம். திருவிருந்தை நடத்துவது, பாவமன்னிப்பு கூறுவது, ஆசீர்வாதம் சொல்வது மூன்றும் ஆயருக்கு உரியவை.

ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். ஆராதனை முடிவில் ஐயர் கையை உயர்த்தி "உங்கள் அனைவரோடும் இருப்பதாக" என்பார். டீக்கன் கையை உயர்த்தாமல் "நம் அனைவரோடும்" என்பார். எங்கள் சபைக்குப் பல வருஷத்துக்கு முன் வந்த ஒரு டீக்கன் முதல் ஞாயிறு "உங்கள்" என்று ஆரம்பித்து, நிறுத்தி, "நம்" என்று மாற்றிச் சொன்னார். வெளியே வந்ததும் என் அம்மா, "இவரு நம்மகூட சேந்து நின்னு கேக்குறாருடா" என்றார். அவர் நாலாம் வகுப்புப் படித்தவர். அன்றைக்கு எனக்கு அது வெறும் பேச்சாகத்தான் பட்டது.

மீதியைக் காலையில் எழுதுகிறேன்.

25 நவம்பர், காலை 6.20

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேமில் சபை பெருகுகிறது. கிரேக்க மொழி பேசுகிற யூதர்கள், தங்கள் விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், விடுபடுகிறார்கள் என்று முறுமுறுக்கிறார்கள். பன்னிரண்டு அப்போஸ்தலரும் கூடி, நாங்கள் வசனத்தை விட்டுவிட்டுப் பந்திவிசாரணை செய்வது தகுதியல்ல, ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள் என்கிறார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலாவு. இவர்கள்தான் முதல் டீக்கன்கள்.

நான் 31 வருஷம் நியாயவிலைக் கடையில் விற்பனையாளராக இருந்தவன். அந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் மற்றவர்களுக்கு என்ன தோன்றுமோ, எனக்கு மண்ணெண்ணெய் வரிசைதான் கண்ணில் நிற்கும். ஒரு சபையின் முதல் பெரிய சண்டை உபதேசத்தைப் பற்றி வரவில்லை. யாருக்கு அளந்தார்கள், யாருக்கு அளக்கவில்லை என்று வந்தது. அந்தச் சண்டையிலிருந்து பிறந்த வேலை இது.

பந்திவிசாரணை என்று மொழிபெயர்த்தவர் நம் ஊர்க் கல்யாணம் ஒன்றில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். இலை போடுகிறவர் வேறு, சாம்பார் வாளி தூக்குகிறவர் வேறு. பந்தி விசாரிக்கிறவர் என்று ஒருவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசை ஓரமாக நடந்துகொண்டே இருப்பார். "இங்க ரசம் வரல", "பெரியவருக்கு இன்னும் கொஞ்சம் சாதம் வை", "கடைசி இலைக்கு வடை இல்ல பாரு." அவர் கண் எப்போதும் கடைசி இலையில் இருக்கும். எங்கள் மாமா ஒருவர் பந்தி விசாரித்தால் கல்யாண வீட்டுக்காரர் நிம்மதியாக உட்காரலாம். எல்லோரும் சாப்பிட்டு எழுந்து போனபின் அவருக்குப் பெரும்பாலும் மோர்ச்சாதம்தான் மிஞ்சும். முகத்தில் குறையே இருக்காது.

27 நவம்பர், மாலை 4.00

மழை விடவில்லை. சம்பா வயலெல்லாம் ஒரே தண்ணீர். எங்கள் தெருவில் நேற்றிலிருந்து மின்சாரம் இல்லை, பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரில் போனைப் போட்டு எழுதுகிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் வரும்.

28 நவம்பர், இரவு 9.15

மன்னார்குடி வாசகர் ஒருவர் என் 25-ஆம் தேதிக் குறிப்பைத் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வது சரி. அந்த ஏழு பேரையும் அப்போஸ்தலர் நடபடிகள் எங்கேயும் டீக்கன் என்று அழைக்கவில்லை. வேலையின் பெயராகத்தான் அந்தச் சொல் அங்கே வருகிறது, ஆளின் பெயராக வரவில்லை. இன்னொன்றும் அவர் சொன்னார்: அதே அதிகாரத்தில் "வசனத்தைப் போதிக்கும் ஊழியம்" என்று வருமிடத்திலும் கிரேக்கத்தில் அதே தியாக்கோனியா என்ற சொல்தான், டீக்கன் என்ற பெயருக்கும் அதே வேர். பன்னிரண்டு பேர் செய்ததற்கும் ஏழு பேர் செய்ததற்கும் ஒரே பெயர். இதை இத்தனை வயதுக்குப் பிறகுதான் கற்றுக்கொள்கிறேன். அவருக்கு நன்றி.

பட்டமாக அந்தச் சொல் வருவது பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தின் முதல் வசனத்தில், பிறகு 1 தீமோத்தேயு 3-இல். நம் பழைய மொழிபெயர்ப்பு "கண்காணிகளுக்கும், உதவிக்காரருக்கும்" என்கிறது. கண்காணி என்றால் பேராயர், உதவிக்காரர் என்றால் டீக்கன். மலைத்தோட்டத்துக் கண்காணிகளைப் பார்த்த குடும்பங்கள் நம் பக்கம் நிறைய உண்டு. அவர்களுக்கு அந்த முதல் சொல் எப்படிக் கேட்டிருக்குமோ!

தியாக்கோனோஸ் என்பதற்கு ஏவல் வேலை செய்கிறவன், பந்தியில் பரிமாறுகிறவன் என்றுதான் பொருள். கானாவூர்க் கல்யாணத்தில் கற்சாடிகளில் தண்ணீர் நிரப்பினார்களே, அந்த வேலைக்காரர்களுக்குக் கிரேக்கத்தில் இதே சொல். திராட்சரசம் எங்கிருந்து வந்தது என்று பந்திவிசாரிப்புக்காரனுக்கே தெரியவில்லை. தண்ணீர் மொண்ட வேலைக்காரருக்குத் தெரிந்திருந்தது. பரிமாறுகிறவனுக்கு மட்டும் தெரியும் விஷயம் ஒன்று உண்டு. கடையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: யார் வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று தாசில்தாருக்குத் தெரியாது, சங்கச் செயலாளருக்குத் தெரியாது. சாக்கைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்கும் முகத்தைப் பார்க்கிறவனுக்குத் தெரியும்.

2 டிசம்பர், காலை 11.30

கத்தோலிக்கத்தில் எப்படி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். என் மனைவி பூண்டிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், அதனால் ஓரளவு பார்த்திருக்கிறேன்.

அங்கே பெயர் திருத்தொண்டர். என் மைத்துனர் மகன் திருத்தொண்டர் பட்டம் பெற்ற அன்று ஆலயத்தில் இரண்டாம் வரிசையில் இருந்தேன். அவன் தரையில் குப்புறக் கிடக்க, புனிதர்கள் மன்றாட்டு மாலை பாடினார்கள். மைத்துனர் மனைவி முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டே இருந்தார். அவன் தலையில் ஆயர் மட்டும் கை வைத்தார் (அங்கே ஆயர் என்றால் நம் பேராயர்). குருப்பட்டத்தன்று ஆயருக்குப் பின்னால் எல்லாக் குருக்களும் வந்து கை வைப்பார்கள், திருத்தொண்டருக்கு அது இல்லை. குருத்துவத்துக்காக அல்ல, ஆயரின் பணிக்காகக் கை வைக்கப்படுகிறான் என்பது மிகப் பழைய விளக்கம். பிறகு நற்செய்தி நூலைக் கையில் கொடுத்தார்கள். வாசிப்பதை நம்பு, நம்புவதைக் கற்பி, கற்பிப்பதை வாழ்ந்து காட்டு என்பது அப்போது சொல்வதன் சாரம்.

ஸ்டோல் என்ற நீளத் துணிப்பட்டையை இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குக் குறுக்கே போட்டுவிட்டார்கள். குருவுக்கு அது கழுத்தின் இரண்டு பக்கமும் தொங்கும். அதைப் பார்த்ததும் எங்கள் மாமா பந்தியில் துண்டைக் குறுக்கே இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வது நினைவுக்கு வந்துவிட்டது. அதற்கு வழிபாட்டு நூல் என்ன காரணம் சொல்லும் என்று நான் பேசவில்லை, என் கண்ணுக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

திருத்தொண்டர் திருமுழுக்குக் கொடுக்கலாம், திருமணம் நடத்தி வைக்கலாம், அடக்கச் சடங்கு செய்யலாம், மறையுரை ஆற்றலாம். திருப்பலி (பூசை) நிறைவேற்ற முடியாது. ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) கேட்க முடியாது. நோயில்பூசுதலும் முடியாது. குருவாகப் போகிறவர் குறைந்தது ஆறு மாதம் இந்த நிலையில் இருக்கவேண்டும் என்பது சட்டம். அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் அந்தப் பையனை ஒரே கேள்விதான் துளைத்தது: "எப்ப சாமி பூசை வைப்பீங்க?" அவன் சிரித்துக்கொண்டே, "இப்பவே சாமியாரு வேலையில பாதி பாக்குறேன் அத்தை, நீங்க ஒரு பிள்ளையைக் கொண்டாங்க, தலையில தண்ணி ஊத்துறேன்" என்பான்.

தம்பி, உங்கள் அம்மா கேட்டதும் அவர்கள் கேட்டதும் ஒன்றுதான்.

2 டிசம்பர், மதியம் 1.05

ஒன்று விட்டுப்போனது. கத்தோலிக்கத்தில் கடைசிவரை திருத்தொண்டராகவே இருப்பவர்களும் உண்டு. மேற்குச் சபையில் பல நூற்றாண்டு அது ஏறக்குறைய மறைந்திருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் மறுபடி வழி திறந்தது, போப் ஆறாம் பவுல் 1967-இல் விதிமுறை கொடுத்தார். திருமணமானவரும் ஆகலாம். 35 வயது நிறைந்திருக்க வேண்டும், மனைவியின் சம்மதம் வேண்டும். மனைவி இறந்தால் மறுமணம் பொதுவாகக் கிடையாது. மும்பைப் பக்கம் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். நம் டெல்டாவில் நான் ஒருவரையும் சந்தித்ததில்லை. பகலில் பாங்கில் வேலை, சாயங்காலம் சிறைச்சாலைச் சந்திப்பு, ஞாயிறு பீடத்தில் நற்செய்தி வாசிப்பு என்று ஒருவர் நம் ஊரில் நடமாடினால் "எப்ப பூசை வைப்பீங்க" என்ற கேள்வி தானாக நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

5 டிசம்பர், இரவு 10.00

"டீக்கன் என்பது தொடக்கத்திலிருந்தே சின்ன வேலை, பெரிதாக்காதீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதில் நான் ஒத்துப்போக முடியாது.

251-ஆம் ஆண்டு வாக்கில் ரோமாபுரிப் பேராயர் கொர்னேலியு எழுதிய கடிதம் ஒன்றை யூசேபியு தன் சபை வரலாற்றில் காப்பாற்றி வைத்திருக்கிறார். ரோம் சபையில் மூப்பர்கள் (நம் ஐயர்களைப் போன்றவர்கள்) 46 பேர், டீக்கன்கள் 7 பேர், சபை சோறு போடுகிற விதவைகளும் வறியவர்களும் 1,500-க்கும் மேல். என் கடையில் 640 கார்டு, நானும் ஒரு எடையாளரும். அதற்கே மாதக் கடைசியில் உயிர் போகும். ஏழு பேர் 1,500 வாயைப் பார்த்துக்கொண்டது, அதுவும் எந்நேரமும் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயத்தில். இது சின்ன வேலையா?

அந்த ஏழு இடங்களில் ஒன்றில் பின்னால் இருந்தவர் லாரன்ஸ். 258 ஆகஸ்ட் 10-இல் கொல்லப்பட்டார். சபையின் சொத்தைக் கொண்டுவா என்று அதிகாரி கேட்க, ஏழைகளையும் ஊனமுற்றவர்களையும் அழைத்துக்கொண்டு போய் நிறுத்தினார் என்பது மரபு. பொக்கிஷம் அவர் பொறுப்பில் இருந்ததால்தான் அவரிடம் கேட்டார்கள். கணக்கு வைத்திருந்தவர் அவர்.

கொஞ்சம் அதிகமாகவே பெரிதாகிவிட்டார்கள் என்பதும் உண்மை. 325-இல் பேராயர்கள் கூடிய நிசேயா சங்கம் தன் 18-ஆம் விதியில், டீக்கன்கள் மூப்பர்களுக்கு நற்கருணை கொடுக்கக் கூடாது, அவர்கள் நடுவே உட்காரக் கூடாது என்று எழுதவேண்டி வந்தது. நடக்காத ஒன்றுக்கு யாரும் விதி எழுதுவதில்லை. அதே சங்கத்துக்குத் தன் பேராயரோடு டீக்கனாக வந்த அத்தனாசியு, மூன்று வருஷத்தில் அலெக்சாந்திரியாவின் பேராயரானார்.

பணமும் பட்டியலும் ஒருவன் கையில் இருந்தால் அவனுக்குத் தலைக்கனம் வரும். அதை நான் கடையிலும் பார்த்தேன், கோயிலிலும் பார்த்தேன்.

6 டிசம்பர், காலை 5.50

நேற்று எழுதியதைத் திரும்ப வாசித்தேன். சபை வரலாற்றில் டீக்கன் பெரிய ஆளாக இருந்தார் என்று நிரூபிக்கப் போய்விட்டேன். அது என் நோக்கமே அல்ல. பெரியதா சின்னதா என்ற அளவுகோலை எடுத்ததே தப்பு. நிற்கட்டும், அழிக்கவில்லை.

8 டிசம்பர், மாலை 6.40

நம் டெல்டாவுக்கு வருகிறேன். என் அம்மா பிறந்தது தரங்கம்பாடி லுத்தரன் குடும்பம். லுத்தரன் மிஷனரிகள் சீகன்பால்குவும் புளுட்சாவும் 1706 ஜூலை 9-இல் வந்திறங்கிய கரையில்தான் அம்மா சின்ன வயதில் சிப்பி பொறுக்கினார். 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில்தான் ஞானஸ்நானம்.

லுத்தரன் மரபில் மூன்று பட்டம் என்ற ஏணி அவசியமில்லை, வசனமும், ஞானஸ்நானம், திருவிருந்து என்ற சாக்கிரமெந்துகளும் பரிமாறுகிற ஊழியம் ஒன்றே. அதனால் 1733 டிசம்பர் 28-இல் கடலூரைச் சேர்ந்த ஆரோன் இந்தியரில் முதல் புராட்டஸ்டன்ட் போதகராக அபிஷேகம் பெற்றபோது, டீக்கன் படியைத் தொட்டு ஏறவேண்டியிருக்கவில்லை. அப்படியானால் டீக்கன் வேலை யார் பார்த்தார்கள்? உபதேசியார். கிராமம் கிராமமாக நடந்து, யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் பிரசவம், யாருக்குக் கஞ்சி இல்லை என்று தெரிந்து வந்து சொன்னவர்கள் அவர்கள். கத்தோலிக்கர் பக்கம் வேதியர். பட்டமும் கிடையாது, அங்கியும் கிடையாது.

ஐதர் அலி படையெடுப்பின்போது தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பஞ்சம். அரண்மனை கேட்டால் குடியானவர் நெல் தர மறுத்தார்கள், முன்னால் கொடுத்ததற்குக் காசு வந்ததில்லை. மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்த பிறகு வண்டிமாடும் நெல்லும் வந்து சேர்ந்தன. அவர் முன்கூட்டி வாங்கி வைத்த அரிசியில் எத்தனையோ பேர் பிழைத்தார்கள். அவர் போதகர், டீக்கன் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் பார்த்தது பந்திவிசாரணை. குடியானவன் நம்பியது அவர் பட்டத்தையா? சொன்னால் அளப்பார் என்பதை நம்பினான்.

என் அப்பா வழி வெஸ்லியன். நாகப்பட்டினம், மன்னார்குடிப் பக்கமெல்லாம் 1947-க்கு முன் மெதடிஸ்ட் சபைகள். அங்கே ஏழைகளின் ஸ்டூவர்டு என்று ஒரு பொறுப்பு. திருவிருந்தன்று எடுக்கும் காணிக்கை ஏழைகளுக்குப் போவது அவர் கையால். அப்பமும் ரசமும் தயார் செய்து வைப்பதும் அவரே. அப்பம் வைக்கிற கையும் ஏழைக்குக் கொடுக்கிற கையும் ஒன்று. எங்கள் தாத்தா அதைச் செய்தார் என்று அப்பா சொல்வார். அவர் வைத்திருந்த நீளக் கணக்கு நோட்டு எங்கள் பரணில் கரையான் அரிக்கும்வரை இருந்தது.

10 டிசம்பர், இரவு 8.30

பெண்கள் டீக்கனாக இருந்தார்களா என்று கேட்ட சகோதரிக்கு: ரோமர் 16:1-இல் பெபேயாள். நம் பழைய மொழிபெயர்ப்பு அவரைக் கெங்கிரேயா ஊர்ச் சபைக்கு "ஊழியக்காரி" என்கிறது. கிரேக்கத்தில் இருப்பது தியாக்கோனோஸ். பிலிப்பியில் ஆண்களுக்கு "உதவிக்காரர்" என்று மொழிபெயர்த்த அதே சொல். 112-ஆம் ஆண்டு வாக்கில் ஆளுநர் பிளினி ரோமப் பேரரசனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகச் சொல்கிறான். அவர்களைச் சபையில் ஊழியக்காரிகள் என்று அழைக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறான். அந்தச் சபையைப் பற்றி அறிய அவன் பிடித்தது அந்த இரண்டு பேரைத்தான்.

1 தீமோத்தேயு 3:11-இல் "ஸ்திரீகளும்" என்று வருவது டீக்கன்களின் மனைவியரா, பெண் டீக்கன்களா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். நான் அதில் தலையிடுகிற ஆள் இல்லை. 1836-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பிளீட்னர் ஐயர் டீக்கனஸ் இல்லம் தொடங்கினார். நோயாளிகளைப் பார்ப்பதைப் பெண்கள் ஊழியமாக எடுத்துக்கொண்டது அங்கிருந்து பரவியது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பயிற்சி பெற்றதும் அங்கேதான்.

எனக்குத் தெரிந்த டீக்கனுக்குப் பட்டம் கிடையாது. எங்கள் சபைக் கோயில்பிள்ளையின், அதாவது ஆலயத்தைப் பார்த்துக்கொண்டு மணி அடிக்கிறவரின், மனைவி. அவரைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். இன்றைக்கு வேண்டாம்.

15 டிசம்பர், காலை 7.00

பெந்தெகொஸ்தே சபைத் தம்பிக்கு: உங்கள் சபையிலும் பாப்டிஸ்ட் சபையிலும் பட்டம் பெற்ற ஐயராகும் வழியில் டீக்கன் வருவதில்லை, சபையார் தங்களுக்குள் தெரிந்தெடுக்கும் விசுவாசி. சபைச் சீர்திருத்தவாதி கால்வின் 1541-இல் ஜெனீவாவுக்கு எழுதிய ஒழுங்கிலும் அப்படித்தான். அதில் இரண்டு வகை டீக்கன்: ஒருவர் தருமப்பணத்தைப் பார்ப்பவர், இன்னொருவர் நோயாளிகளையும் ஏழைகளையும் நேரில் பராமரிப்பவர். "எங்க சபையில டீக்கன் காணிக்கை எண்ணுறாரு, பார்க்கிங் பாக்குறாரு, அவ்வளவுதான்" என்கிறீர்கள். அப்படியானால் முதல் வகை இருக்கிறது, இரண்டாம் வகை காணாமல் போயிருக்கிறது. உங்கள் பாஸ்டரிடம் அதையே கேளுங்கள், மரியாதையாக.

20 டிசம்பர், இரவு 11.20

தூக்கம் வரவில்லை. அந்த ஏழு பெயரை மறுபடி பாருங்கள். ஏழும் கிரேக்கப் பெயர். எபிரெய யூதருக்கும் கிரேக்கப் பெயர் இருந்ததுண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏழுமே அப்படி அமைந்தது சும்மா இருக்காது. நிக்கொலாவு யூதனாகப் பிறந்தவன்கூட இல்லை, அந்தியோகியாவிலிருந்து மார்க்கம் மாறி வந்தவன். யாருடைய விதவைகள் விடுபட்டார்களோ, அவர்கள் பக்கத்து ஆட்களிடமே அளக்கிற படியைக் கொடுத்துவிட்டார்கள்.

நம் டெல்டாச் சபைகளில் இதை நினைத்துப் பார்க்கிறேன். தஞ்சாவூர்ச் சபைகளில் தனித்தனி இருக்கை, திருவிருந்தில் யார் முதலில் என்ற முறை, எல்லாம் இருந்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கட்டளை அனுப்பியபோது இங்கே பெரிய எதிர்ப்பு. வெளியேறிப் போனவர்கள் உண்டு. இருக்கை இன்று ஒன்றாகிவிட்டது. ஆனால் கமிட்டியில் யார் கணக்கு எழுதுகிறார்கள், யார் பாய் விரிக்கிறார்கள் என்று அவரவர் சபையில் எண்ணிப் பாருங்கள். நான் எண்ணினேன். எங்கள் சபையில் கடந்த முப்பது வருஷத்தில் பொருளாளர் ஒரே மூன்று குடும்பத்திலிருந்து வந்தார்கள். அந்த மூன்றில் ஒன்று என் குடும்பம்.

26 டிசம்பர், காலை 9.30

இன்று ஸ்தேவான் நாள். இருபது வருஷத்துக்கு முன் இதே நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை நடந்துகொண்டிருந்தது. கடல் வந்துவிட்டது என்று சத்தம் கேட்டபோது முதலில் யாருக்கும் அர்த்தமே புரியவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். எங்கள் ஊர் கரையிலிருந்து உள்ளே இருந்ததால் தப்பியது. மத்தியானத்துக்குள் கோயில் ஹால் நிரம்பிவிட்டது, ஈரத் துணியோடு, சிலர் துணியே இல்லாமல்.

ரேஷன் கடைக்காரன் என்பதால் பட்டியல் எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் தெரிந்த முறையில் எழுதினேன்: குடும்பத் தலைவர் பெயர், கார்டு எண், நபர்கள். கார்டு கடலில் போனவர்களுக்கு நினைவிலிருந்து எழுதினேன். 112 குடும்பம். அரிசி, பருப்பு, பாய், அடுப்பு, எல்லாம் அந்த நோட்டைப் பார்த்துத்தான். ஒரு கிலோ தவறவில்லை. எனக்கு அதில் பெருமை இருந்தது.

ஒன்பதாவது நாள் சாயங்காலம் கோயில்பிள்ளையின் மனைவி கமிட்டி நடந்த அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "அண்ணே, பின்னாடி சாய்ப்புல ஒரு மீன்காரம்மா இருக்குது. மகன் போயிட்டான். தம்பி வீட்டோட இருந்துது, தம்பி கார்டுல பேரு இல்ல. ஒம்பது நாளா என் சோத்துலதான் பங்கு. அதுமாரி இன்னும் நாலு பேரு." கமிட்டியில் ஒருவர், பொம்பளைங்க இங்க வந்து பேசுற வழக்கம் இல்லையே என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. பட்டியலைப் பார்த்தேன். ஐந்து பேரும் அதில் இல்லை. ஐந்து பேரும் விதவைகள்.

அந்த அதிகாரத்தை நான் எத்தனை தடவை சபையில் நின்று வாசித்திருப்பேன்!

அன்றிரவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து பெயரையும் எழுதினேன், கார்டு எண் என்ற இடத்தில் கோடு போட்டு. மறுநாள் காலை மீன்காரம்மாவிடம் அரிசியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவர் பையை வாங்காமல் என்னைப் பார்த்து, "அந்தப் புள்ளைக்குத் திருப்பிக் குடுக்கணும், ஒம்பது நாளு கணக்கு இருக்கு" என்றார். அந்தப் பிள்ளையைத்தான் சொல்கிறேன், எனக்குத் தெரிந்த டீக்கன் என்று. இப்போது இல்லை, 2016-இல் போய்விட்டார். மணி அடிக்கிற கயிறு அவர் போட்ட முடிச்சோடு அப்படியே இருக்கிறது.

26 டிசம்பர், இரவு 7.45

திருத்துறைப்பூண்டித் தம்பி எழுதியிருக்கிறார். மழையில் அவர்கள் ஊரில் குடிசைகள் விழுந்தன, அவர்கள் டீக்கன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதிவருகிறாராம். கமிட்டி அவரிடம், கார்டு நகலோடு பட்டியல் தயார் செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறதாம். எப்படிச் செய்வது என்று அவர் என்னிடம் கேட்கச் சொன்னாராம்.

தம்பி, அவரிடம் இதைச் சொல்லுங்கள். கார்டிலிருந்து ஆரம்பிக்கவேண்டாம். தெருவின் கடைசி வீட்டிலிருந்து கோயிலை நோக்கி நடந்து வரட்டும். ஒவ்வொரு வீட்டிலும் "எத்தனை பேர்" என்று கேட்காமல், "ராத்திரி இங்கே யார் யார் படுக்கிறார்கள்" என்று கேட்கட்டும். கொல்லைப்புறம் எட்டிப் பார்க்கட்டும், சாய்ப்பில் ஆள் இருக்கும். தனியாகப் போகவேண்டாம், அந்தத் தெருவிலேயே வாழ்கிற ஒரு வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகட்டும். விட்டுப்போனது யார் என்று அவர்களுக்குத் தெரியும். நோட்டில் கடைசி இரண்டு பக்கத்தை வெறுமையாக விடட்டும்.

155-ஆம் ஆண்டு வாக்கில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ அறிஞர் எழுதிவைத்தது ஒன்று உண்டு: ஆராதனைக்கு வரமுடியாதவர்களுக்கு டீக்கன்கள் அப்பத்தையும் ரசத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று. ஐயர் வருகிற அந்த ஒரு ஞாயிறு முடிந்ததும், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீட்டுக்கு உங்கள் டீக்கனை அனுப்பும்படி ஐயரிடம் கேளுங்கள். உங்கள் அம்மாவும் கூடப் போய் வரட்டும்.

27 டிசம்பர், காலை 6.05

தம்பி, அம்மா பேசினார்கள், போனில். "அந்தப் புள்ளைக்குச் சாப்பாடு யாரு குடுக்குறா?" என்று என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். இன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாடு தங்கள் வீட்டில் என்றார்கள். சனிக்கிழமை நான் பஸ் ஏறி வருகிறேன், நோட்டு போட உதவிக்கு. பழைய நோட்டையும் எடுத்து வருகிறேன்.